பழைய பேட்டரி எங்கே போகிறது?

காரின் பேட்டரி செத்துப் போனால் பட்டறைக்காரரை அழைக்கிறோம். அவர் புதிய பேட்டரியை மாட்டிவிட்டுப் பழையதைத் தம் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொள்கிறார். அதற்காக விலையில் சில ரிங்கிட்டைக் கழிக்கிறார். கழிவு கிடைத்ததே என்று நாமும் மகிழ்ந்து போகிறோம். அந்தப் பழைய பேட்டரி அதன்பின் எங்கே போகிறது, யார் அதை உடைக்கிறார்கள், உடைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று நாம் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

மலாக்கா மாநிலத்தின் தோட்டங்களிலும் சிறு பட்டணங்களிலும் வாழும் தமிழர்களாகிய நாம் மற்றவர்களைவிட ஒரு படி கூடுதலாகவே இதைக் கேட்க வேண்டும். பழைய இரும்புத் தொழில் நம்மவர் பலருக்குச் சோறு போடும் தொழில். ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ் வட்டாரங்களில் லோரியில் வந்து பழைய இரும்பு வாங்கும் தமிழரைப் பார்க்காத தோட்டம் இல்லை எனலாம். இன்னொரு பக்கம், உரிமம் இல்லாத ஆலைகள் பட்டணத்து நடுவில் இடம் தேடுவதில்லை. செம்பனை மரங்களுக்குப் பின்னால்தான் தேடுகின்றன. பழைய பேட்டரி புறப்படும் இடத்தில் நாம் இருக்கிறோம். அது போய்ச் சேரும் இடத்திலும் நாம் இருக்கக்கூடும்.

ஈயமா, காரீயமா?

மொழிக் கழகத்தின் இதழ் என்பதால் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். பேட்டரிக்குள் இருப்பது ஈயம் என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் மலேசியத் தமிழருக்கு ஈயம் என்றதும் நினைவுக்கு வருவது ஈயச் சுரங்கம்; ஈப்போவும் கோலாலம்பூரும் வளரக் காரணமான அந்த உலோகம். அடுத்து நினைவுக்கு வருவது பாட்டி ரசம் வைக்கும் ஈயச் சொம்பு. இவை இரண்டும் வெள்ளீயம். பேட்டரிக்குள் இருப்பதோ காரீயம். இரண்டும் வெவ்வேறு தனிமங்கள். வெள்ளீயப் பாத்திரத்தில் ரசம் வைக்கலாம்; காரீயம் நஞ்சு. சொம்பு செய்பவர் மலிவுக்காகக் காரீயத்தைக் கலந்தால் அந்த ரசமும் நஞ்சுதான். மலாய்க்காரர்களும் நம்மைப் போலவே நிறத்தை வைத்து இவற்றைப் பிரித்திருக்கிறார்கள். வெள்ளீயம் அவர்களுக்குத் ‘தீமா பூத்தே’. காரீயம் ‘தீமா ஹீத்தாம்’.

தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன என் போன்றவர்களுக்கு இந்த உலோகம் வேதியியல் பாடத்தில் ‘பிளம்பும்’ என்ற பெயரில்தான் அறிமுகமானது. தனிம அட்டவணையில் 82-ஆம் எண். தேர்வுக்கு அது போதும். அந்தப் பிளம்பும்தான் வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் பேட்டரிக்குள் இருக்கிறது என்று பாடநூலையும் வீட்டையும் இணைக்கும் தமிழ்ச் சொல் எங்களிடையே புழக்கத்தில் இல்லை. ‘ஈய நச்சு’ என்று நாளிதழ் எழுதினால் தோட்டத்துப் பாட்டி ரசச் சொம்பைப் பார்த்துச் சிரிப்பார். ‘காரீய நஞ்சு’ என்று எழுதினால், அது என்ன என்றாவது கேட்பார். அச்சொல் நம் மொழியில் பழையது. நாம்தான் அதை விட்டுவிட்டோம்.

இந்த அலட்சியத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. தோட்டங்களுக்கு மின்சாரம் வராத காலத்தில், கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி கார் பேட்டரியில்தான் ஓடியது. பேட்டரியை மிதிவண்டியில் கட்டிக்கொண்டு பட்டணத்துக்குப் போய்ச் சார்ஜ் ஏற்றி வந்த கதையைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். ஓய்ந்துபோன பேட்டரியையும் வீணாக்கமாட்டார்கள். உடைத்து, உள்ளிருக்கும் தகட்டை உருக்கி, வீச்சு வலைக்குக் குண்டு வார்ப்பார்கள். அதைச் சிறுவயதில் நானும் பார்த்திருக்கிறேன். மூன்று கல் அடுப்பு, அதன்மேல் பால் டின், சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள். இரும்பை உருக்க 1,500 பாகை செல்சியஸுக்கு மேல் வெப்பம் வேண்டும். காரீயம் 327 பாகையிலேயே உருகிவிடும், விறகடுப்பே போதும். உலை கட்டத் தெரியாதவரும் உருக்கிவிடலாம் என்பதுதான் இந்த உலோகத்தின் பெரிய ஆபத்து.

பேட்டரியே சுரங்கம்

பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த காஸ்தோன் பிளான்தே 1859-இல் காரீய அமில பேட்டரியைக் கண்டுபிடித்தார். காரீயத் தகடுகள், காரீய டையாக்சைடு, கந்தக அமிலம் என்ற அடிப்படை இன்றும் மாறவில்லை. ஒரு சாதாரண கார் பேட்டரியில் 8 முதல் 10 கிலோ வரை காரீயம் இருக்கும்.

கடந்த ஐம்பது ஆண்டுகளில் உலகம் பல இடங்களிலிருந்து காரீயத்தை விரட்டியிருக்கிறது. சாயத்தில் கட்டுப்படுத்தினார்கள். குடிநீர்க் குழாயிலிருந்து நீக்கினார்கள். 2006 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுச் சாதனங்களில் அதைக் கட்டுப்படுத்தியது. கார்களுக்கான காரீயப் பெட்ரோலைக் கடைசியாக விற்ற அல்ஜீரியாவும் 2021-இல் நிறுத்திக்கொண்டது. இவ்வளவுக்குப் பின் காரீயத்தின் பயன்பாடு குறைந்திருக்க வேண்டும் அல்லவா? நடந்தது நேர்மாறு. 2000-ஆம் ஆண்டில் உலகம் பயன்படுத்திய காரீயம் சுமார் 65 லட்சம் டன். இன்று ஆண்டுக்கு ஏறக்குறைய 1 கோடியே 30 லட்சம் டன். இதில் 85 விழுக்காட்டுக்கு மேல் பேட்டரிக்கே போகிறது. மற்ற வாசல்களை எல்லாம் அடைத்தோம். பேட்டரி என்ற ஒரே வாசல் அகன்றுகொண்டே போனது. மின்சாரக் கார் வந்தால் இது ஓயும் என்றும் சொல்ல முடியாது. பெரும்பாலான மின்சாரக் கார்களிலும் விளக்கு முதலியவற்றுக்காக ஒரு சிறிய காரீய பேட்டரி இருக்கிறது.

இவ்வளவு காரீயம் எங்கிருந்து வருகிறது? சுரங்கங்கள் ஆண்டுக்குச் சுமார் 45 லட்சம் டன்தான் தருகின்றன. மீதி, அதாவது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, பழைய பொருள்களை உருக்கிப் பெறுவது. அவற்றில் மிகப் பெரும்பகுதி பழைய பேட்டரி. மலேசியாவில் குறிப்பிடத்தக்க காரீயச் சுரங்கம் இல்லை. ஆனாலும் இங்கே காரீயம் உற்பத்தியாகிறது. பழைய பேட்டரிதான் நமது சுரங்கம். உலகிலேயே மிக அதிகமாக மறுசுழற்சி செய்யப்படும் பொருள்களுள் ஒன்று எங்கள் பேட்டரி என்று தயாரிப்பாளர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அது பொய்யன்று. அந்தப் பெருமைக்குள் மறைந்திருக்கும் கேள்வி, மறுசுழற்சியை யார், எங்கே, எப்படிச் செய்கிறார்கள் என்பதுதான்.

முறையான ஆலையில் மூடிய இயந்திரம் பேட்டரியை உடைக்கும். அமிலத்தைப் பிடித்துச் செயலிழக்கச் செய்வார்கள். நெகிழிக் கூட்டைக் கழுவித் தனியே பிரிப்பார்கள். உலையிலிருந்து எழும் புகை வடிகட்டிகளின் வழியே வெளியேறும். தொழிலாளர்களின் இரத்தத்தை அவ்வப்போது சோதிப்பார்கள். முறையற்ற இடத்தில் கோடரிதான் இயந்திரம். அமிலம் கால்வாய்க்குப் போகும். புகை காற்றோடு போகும். காரீயத் தூள் மண்ணில் படியும். தொழிலாளியின் சட்டையில் ஒட்டி வீட்டுக்கும் போகும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். முறையான ஆலை வடிகட்டிக்கும் அமிலச் சுத்திகரிப்புக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் செலவு செய்தாக வேண்டும். முறையற்றவருக்கு அந்தச் செலவு எதுவும் இல்லை. எனவே அவர் பழைய பேட்டரிக்குக் கிலோவுக்குச் சில காசு கூடுதலாகக் கொடுக்க முடியும். பேட்டரி விலை கூடிய பக்கம் போகும். நல்லவர் கெட்டவர் என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. நஞ்சைக் காற்றில் விடுபவருக்குச் சந்தையே பரிசு கொடுக்கிறது.

உடம்புக்குள் போனால்

காரீயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். உடல் அதைச் சுண்ணாம்புச் சத்து என்று நம்பி எலும்பில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. அங்கே பல்லாண்டுகள் தங்கும். தாய் கருவுற்றிருக்கும்போது எலும்பிலிருந்து இறங்கிக் குழந்தைக்கும் போகும். ஒரே அளவு காரீயத்தை விழுங்கினாலும் பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகளின் உடல் நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சும். இரும்புச் சத்துக் குறைந்த உடல் இன்னும் கூடுதலாக ஏற்கும். மூளை வளரும் பருவத்தில் அறிவுத்திறனையும் கவனத்தையும் அது குறைக்கிறது, குறைந்தது திரும்பாது. உலகில் ஏறக்குறைய 80 கோடிக் குழந்தைகளின் இரத்தத்தில், அதாவது மூன்றில் ஒரு குழந்தைக்கு, கவலைக்குரிய அளவில் காரீயம் இருப்பதாக யுனிசெப் அமைப்பும் பியூர் எர்த் அமைப்பும் 2020-இல் அறிவித்தன. பழைய பேட்டரியை முறையின்றி உருக்குவதை அவை முக்கியக் காரணங்களுள் ஒன்றாகக் காட்டின.

இந்த நஞ்சு உடனே ஆளைச் சாய்ப்பதில்லை. பிள்ளை வகுப்பில் மந்தமாக இருப்பான். படிப்பு ஏறவில்லை என்பார்கள். பெற்றோரின் அக்கறையின்மை என்பார்கள். எந்த ஆசிரியரும் அவனுடைய இரத்தத்தைச் சோதிக்கச் சொல்லமாட்டார்.

விலை ஏறினால் யார் சாகிறார்கள்?

பேட்டரித் தொழிலுக்கும் காரீயச் சந்தைக்கும் மாசுக்கும் உள்ள உறவை விளக்க 2007-ஆம் ஆண்டைவிட நல்ல பாடம் இல்லை. 2003-இல் லண்டன் சந்தையில் ஒரு டன் காரீயம் சுமார் 500 அமெரிக்க டாலர். 2007 அக்டோபரில் அது 4,000 டாலரை நெருங்கியது. சீனாவில் பேட்டரியில் ஓடும் மிதிவண்டிகள் பெருகியது ஒரு காரணம். இன்னொரு காரணம் ஆஸ்திரேலியாவில் நடந்தது. எஸ்பெரன்ஸ் துறைமுகத்தின் வழியே ஏற்றுமதியான காரீயக் கனிமத்தின் தூசியால் ஆயிரக்கணக்கான பறவைகள் செத்து விழுந்தன. 2007 மார்ச்சில் ஏற்றுமதி நின்றது; சுரங்கமும் வேலையை நிறுத்தியது. அங்கே மாசு விநியோகத்தைக் குறைத்தது. விநியோகம் குறைந்ததால் விலை ஏறியது.

ஏறிய விலை ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில் ஓர் ஏழைக் குடியிருப்பைத் தொட்டது. தலைநகர் டக்காருக்கு அருகிலுள்ள தியாரோய் சுர் மேர் என்ற இடத்தில் பல ஆண்டுகளாகப் பழைய பேட்டரிகளை உடைத்து வந்தார்கள். மண் முழுவதும் காரீயத் துகள். விலை ஏறியதும் அந்த மண்ணுக்கே வாங்குவோர் வந்தார்கள். பெண்கள் மண்ணைச் சலித்துத் துகளைப் பிரித்து மூட்டைகளில் விற்றார்கள். குழந்தைகள் பக்கத்தில் விளையாடின. 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 குழந்தைகள் இறந்தன. அந்தத் தாய்மார் குற்றவாளிகள் அல்லர். அடுப்பெரிய வழி தேடியவர்கள். நம் தோட்டத்துப் பெண்களை எண்ணிப் பார்த்தால் அவர்களைப் புரிந்துகொள்வது கடினமன்று.

ஏழை நாட்டில்தான் இப்படி என்று ஒதுக்கவும் முடியாது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் வெர்னன் என்ற ஊரில் எக்சைட் நிறுவனத்தின் பேட்டரி உருக்காலை பல பத்தாண்டுகள் தற்காலிக அனுமதியிலேயே ஓடியது. 2015-இல் மூடப்பட்டபோது சுற்றுப்புறத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளின் மண்ணில் காரீயம் கலந்திருந்தது. அங்கே குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் லத்தீன் அமெரிக்க வழிவந்த உழைக்கும் மக்கள். 2020-இல் நிறுவனம் திவாலாகிப் பொறுப்பிலிருந்து நழுவியது. துப்புரவுச் செலவு அரசின் தலையில் விழுந்தது. உரிமத் தாள் மட்டும் காப்பாற்றாது என்பதற்கு இது சான்று.

அரசு மனம் வைத்தால் முடியும் என்பதற்கும் சான்று உண்டு. 2011-இல் சீனாவின் செஜியாங் மாநிலத்தில் ஒரு பேட்டரித் தொழிற்சாலைக்கு அருகே 300-க்கும் மேற்பட்டோர், அவர்களில் பல குழந்தைகள், காரீய நஞ்சுக்கு ஆளானது தெரியவந்தது. அதன்பின் அந்நாடு முழுவதும் சோதனை நடந்தது. நூற்றுக்கணக்கான பேட்டரி ஆலைகள் மூடப்பட்டன. மேலும் பல ஆலைகள் சரிசெய்யும்வரை நிறுத்தி வைக்கப்பட்டன.

நம் வாசலில்

2023 இறுதியில் மலேசியாவில் பதிவிலிருந்த வாகனங்கள் 3 கோடியே 60 லட்சத்துக்கும் மேல், மக்கள்தொகையைவிட அதிகம். நம் வெப்பத்தில் கார் பேட்டரி பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளைத் தாண்டுவதில்லை. எவ்வளவு பழைய பேட்டரி ஆண்டுதோறும் சேரும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ் 2005-இல் வந்த ஒழுங்குவிதிகளில் பழைய காரீய பேட்டரிக்கு எஸ்.டபிள்யூ. 102 என்ற தனி எண்ணே உண்டு. அது அட்டவணையிடப்பட்ட கழிவு. அப்படிப்பட்ட கழிவை 20 டன்னுக்கு மேலோ 180 நாட்களுக்கு மேலோ சேர்த்து வைக்கக்கூடாது. உரிமம் பெற்ற வாகனத்தில் உரிமம் பெற்ற ஆலைக்கே அனுப்ப வேண்டும். 2024-இல் சட்டம் திருத்தப்பட்டு அபராதத்தின் உச்ச வரம்பு 1 கோடி ரிங்கிட்டாக உயர்ந்தது. தொழிற்சாலைகளில் காரீயத்தைக் கையாளும் தொழிலாளர்களுக்காக 1984-லேயே தனி விதிகள் வந்துவிட்டன. ஆனால் இவை எல்லாம் பெயர்ப் பலகை உள்ள இடத்தைத்தான் எளிதில் எட்டும். 2018-இல் சிலாங்கூர், ஜெஞ்ஜாரோம் வட்டாரத்தில் உரிமமின்றி ஓடிய நெகிழி ஆலைகள் பல, சுற்றுவட்டார மக்கள் மூச்சுத் திணறிப் புகார் செய்த பிறகே வெளிச்சத்துக்கு வந்தன. நெகிழி எரிந்தால் நாற்றம் அடிக்கும். மண்ணில் படிந்த காரீயத்துக்கு மணமில்லை.

தோட்டத்து மக்களுக்கு மெல்லக் கொல்லும் நஞ்சு புதிதன்று. செம்பனைக்கு அடியில் பாராகுவாட் மருந்தடித்த பெண்களின் நகம் அழுகியதையும் மூக்கில் இரத்தம் வந்ததையும் நம் தாய்மார் அறிவார்கள். அம்மருந்துக்கு 2002-இல் தடை அறிவித்தார்கள், 2006-இல் தளர்த்தினார்கள், 2020 ஜனவரியில்தான் முழுத் தடை வந்தது. மருந்தடித்தவர் யார் என்று தெரிந்த நஞ்சுக்கே இத்தனை காலம் பிடித்தது.

என்ன செய்யலாம்?

என் கருத்து இதுதான்: பேட்டரியை விற்கும் நிறுவனமே அதைத் திரும்பப் பெறும் பொறுப்பையும் சட்டப்படி ஏற்க வேண்டும். புதிய பேட்டரி விலையோடு ஒரு வைப்புத்தொகையை வாங்க வேண்டும். பழையதைக் கொடுத்தால் திருப்பித் தர வேண்டும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் இம்முறை உண்டு. அந்த வைப்புத்தொகை, முறையற்ற உருக்காலை தரும் சில காசைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். அப்போதுதான் விலை நல்ல பக்கம் இழுக்கும். இங்கே இப்போது நடப்பது பட்டறைக்காரருக்கும் நமக்கும் இடையிலான பேரம்; பேரத்தில் பேட்டரியின் பயணம் பதிவாவதில்லை.

இதனால் நம் பழைய இரும்பு வியாபாரிகளின் பிழைப்பு கெடும் என்று சிலர் சொல்லலாம். நியாயமான கவலை. ஆனால் பேட்டரியைச் சேகரிப்பது நஞ்சன்று. உடைப்பதும் உருக்குவதும்தான் நஞ்சு. உடையாத பேட்டரியை நிமிர்த்தி வைத்து, அமிலத்தைக் கொட்டாமல், முழுசாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பவருக்கு உரிமமும் ஊதியமும் கொடுக்கலாம். தோட்டத்துக்குள் வீடு வீடாகப் போகத் தெரிந்தவர் அவர்தான். எந்தப் பெரிய நிறுவனத்துக்கும் அந்த வழி தெரியாது. அவரைச் சட்டத்துக்கு வெளியே தள்ளினால் பேட்டரியும் அவரோடு வெளியே போகும். எடைக்குக் கூடாது என்று அமிலத்தைக் கால்வாயில் கொட்டிவிட்டு வரச் சொல்லும் வாங்குநரைத்தான் தண்டிக்க வேண்டும்.

ஆனால் சட்டம் தானாக வராது. பேராக் மாநிலம் புக்கிட் மேராவில் 1982-இல் தொடங்கிய ஏசியன் ரேர் எர்த் ஆலையின் கதிரியக்கக் கழிவை எதிர்த்து அக்கிராம மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். அவர்களுக்காக வாதாடியவர்களில் மீனாட்சி ராமன் என்ற தமிழ்ப் பெண்ணும் ஒருவர். 1987-இல் அவர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் கைதானார். 1992-இல் ஈப்போ உயர் நீதிமன்றம் மக்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஆயினும் 1994-இல் ஆலை மூடப்பட்டது. அம்மக்களில் பெரும்பாலோர் சீனர்கள். தோரியம் என்ற பெயரைத் தங்கள் மொழியில் சொல்லக் கற்றுக்கொண்டார்கள், அதன் பிறகே போராடினார்கள்.

இங்கேதான் தமிழ் படித்தவர்களுக்கு வேலை இருக்கிறது. ஆண்டுதோறும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளில் தன்முனைப்பு முகாம் நடத்துகிறோம். அதில் ஒரு மணி நேரத்தைக் காரீயத்துக்குக் கொடுப்போம். பழைய பேட்டரியை உடைக்காதே, தகட்டை உருக்காதே, வேலைச் சட்டையைக் குழந்தையின் துணியோடு துவைக்காதே, சாப்பிடுமுன் கை கழுவு. இந்த நான்கையும் ஒரே தாளில் நல்ல தமிழில் அச்சடித்து, பழைய இரும்புக் கடைகளிலும் பட்டறைகளிலும் கோயில் மண்டபங்களிலும் ஒட்டலாம். வேதியியல், மருத்துவம், சட்டம் படித்து வெளியேறிய முன்னாள் மாணவர்கள் அதைச் சரிபார்த்துத் தரலாம். மருத்துவர்களாக இருப்பவர்கள் பழைய இரும்புக் கடைத் தொழிலாளியும் அவருடைய குழந்தையும் வந்தால் இரத்தத்தில் காரீய அளவைச் சோதிக்கச் சொல்லலாம். சட்டம் படித்தவர்கள் வைப்புத்தொகைக் கோரிக்கையை மனுவாக எழுதி, மலாக்கா சட்டமன்ற உறுப்பினர்களின் கையில் கொடுக்கலாம்.

கிலோவுக்குச் சில காசு வித்தியாசம்தான் ஒரு பேட்டரி முறையான ஆலைக்குப் போகிறதா, செம்பனைக் காட்டுக்குள் போகிறதா என்பதை இன்று தீர்மானிக்கிறது. அந்தச் சில காசை நாம் புதிய பேட்டரி வாங்கும்போதே கட்டிவிடுவது நல்லது. இல்லையென்றால் அதை நமக்காக ஏதோ ஒரு தோட்டத்துக் குழந்தை கட்டும்.